போட்டது யாரு? எவ்வளவு? தெரியாது!
மாதா கோவில்களில் சுற்றி வரும் ரகசியப் பை

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். சில ஆண்கள் மட்டும் கோவில் அறையில் கூடுவார்கள். குமாஸ்தா, கடைக்காரர், ரிடையரான வாத்தியார் என்று எல்லாரும் உண்டு. இவர்கள் வின்சென்ட் தே பவுல் சபையினர்.

ஜெபம் சொல்லிக் கூட்டம் தொடங்கும். அப்புறம் ஒரு பை சுற்றி வரும். கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். பத்து ரூபாய் போட்டவரும் நூறு போட்டவரும் ஒண்ணுதான்!

கேலியால் பிறந்தது

1833-ம் ஆண்டு பாரீஸ் நகரம். கிறிஸ்தவர்கள் இப்போது ஏழைகளுக்கு என்னத்தைச் செய்கிறார்கள் என்று சிலர் கேலி பேசினர். கல்லூரி மாணவர் பிரெடரிக் ஓசானாமுக்குச் சுருக்கென்றது. வயது 20. நண்பர்களோடு ஏழைகளின் வீடு தேடிக் கிளம்பினார். அதுதான் இந்தச் சபை. 1997-ல் போப் 2-ம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

வீடு தேடி...

இன்றும் அதே வழக்கம். இரண்டு பேராகப் போவார்கள். அரிசி, மருந்து, பள்ளிக்கூடப் பீஸ் என்று கேட்டறிந்து உதவுவார்கள். மதம் பார்ப்பதில்லை. இப்போது பெண்களும் சேர்கிறார்கள்.

எந்த வீட்டுக்குப் போனோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. இல்லாதவங்களுக்கும் மானம் உண்டே!