முதல் தட்டலுக்குத் திறக்காத கதவு

லாஸ்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பகலெல்லாம் சேதராப்பட்டில் வேலை. வீட்டுக் கணினியில் ஓடும் டோரன்ட்டை அங்கிருந்தபடியே கவனிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. தாராளமாக முடியும்.

டோரன்ட் எப்படி வேலை செய்கிறது என்று இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2001-ல் பிராம் கோஹன் வெளியிட்ட நாளிலிருந்து நம்மூரில் அதற்குத் திருட்டு சினிமா என்ற கெட்ட பெயர்தான் மிஞ்சியது. ஆனால் லினக்ஸ் நிறுவல் கோப்புகளும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய நூல்களும் இதே வழியில் முறையாகவே கிடைக்கின்றன.

டிரான்ஸ்மிஷன், கியூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருள்கள் இரண்டிலும் வலை இடைமுகம் கூடவே வருகிறது. (இரண்டாவதை 2006-ல் தொடங்கியவர் கிறிஸ்தோஃப் டுமெஸ் என்ற பிரெஞ்சு மாணவர். புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் உறவு கொண்டாடலாம்.) அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டால் மென்பொருளே ஒரு குட்டி இணையதளமாகிவிடும். வழக்கமான போர்ட் எண், டிரான்ஸ்மிஷனுக்கு 9091, கியூபிட்டோரன்ட்டுக்கு 8080. வீட்டு வைஃபையில் இருக்கும் போனின் பிரௌசரில் கணினியின் ஐ.பி. முகவரியையும் போர்ட்டையும் கொடுத்தால் கோப்பைச் சேர்க்கலாம், நிறுத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம். டிரான்ஸ்மிஷனில் மட்டும், எந்த முகவரிகளை உள்ளே விடலாம் என்ற பட்டியலில் போனையும் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று டிரான்ஸ்மிஷனில் இருக்கிறது. கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் முதல் கோரிக்கையை அது 409 என்ற பிழை எண்ணுடன் திருப்பி அனுப்பிவிடும். கூடவே ஓர் அடையாளச் சரத்தையும் தரும். அதைச் சேர்த்து மறுபடி கேட்டால்தான் வேலை நடக்கும். ஆஸ்பத்திரியில் நேராக டாக்டர் அறைக்குப் போனால் "போய் ஓ.பி. சீட்டு வாங்கிட்டு வாங்க" என்பார்களே, அதேதான். ஏன் இந்த அலைச்சல்? நீங்கள் திறந்து வைத்திருக்கும் வேறொரு இணையதளம் உங்கள் பிரௌசர் வழியாகவே டோரன்ட்டுக்குக் கட்டளை அனுப்பப் பார்க்கலாம். அனுப்ப முடிந்தாலும் பதிலைப் படிக்க பிரௌசர் அதை விடாது; பதிலைப் படிக்காமல் சீட்டு கிடைக்காது. 2009-ல் இந்த ஏற்பாடு வந்தது.

அதையும் ஏமாற்ற முடியும் என்று 2018 ஜனவரியில் கூகுளின் டேவிஸ் ஆர்மண்டி காட்டினார். ஒரு கள்ளத்தளம் தன் பெயருக்கான முகவரியைச் சட்டென்று 127.0.0.1 என்று மாற்றிக்கொள்கிறது. அது உங்கள் கணினியின் சொந்த முகவரி. பெயர் மாறாததால் பழைய தளம்தான் என்று பிரௌசர் நம்பிவிடும். சீட்டும் களவு போய்விடும். அதன்பின், எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கோரிக்கை வருகிறது என்றும் டிரான்ஸ்மிஷன் பார்க்கத் தொடங்கியது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருக்க, நாம் என்ன செய்கிறோம்? கியூபிட்டோரன்ட்டில் வெகுகாலம் பயனர்பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'அட்மின்அட்மின்'. அதை மாற்றாமலே ரௌட்டரில் போர்ட்டைத் திறந்து ஊருக்கே காட்டியவர்கள் உண்டு. கடைசியில் 2023-ல் அந்தப் பொதுச்சாவியை எடுத்துவிட்டு, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை மென்பொருளே உருவாக்கித் தரும்படி செய்தார்கள்.

எனவே சேதராப்பட்டு அன்பரே, ரௌட்டரைத் தொடாதீர்கள். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதால் போர்ட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் பலிக்காது. வீட்டுக் கணினியிலும் போனிலும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை நிறுவுங்கள். 100-ல் தொடங்கும் தனி முகவரி கிடைக்கும். இரண்டு கருவிகளுக்கும் இடையே மறையாக்கப்பட்ட வழி அது, வெளியாருக்குக் கதவே தெரியாது. கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். லினக்ஸ் கோப்பு இறங்கி முடிந்ததும் உடனே நிறுத்திவிடாமல் இரவு முழுக்க மற்றவர்களுக்குப் பகிர விடுங்கள். அலுவலகத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளத்தான் இப்போது வழி இருக்கிறதே.