உதிரத்தில் ஓர் அரிவாள்!

உழவன் கை அரிவாள் ஊருக்குச் சோறு தரும். உதிரத்தில் முளைக்கும் அரிவாளோ உயிரைக் குடிக்கும்!

சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்டது மனிதனின் மரபுச் சுவடி. அதிலே ஒரே ஓர் எழுத்து மாறினால் வட்டமான சிவப்பணு அரிவாளாய் வளைகிறது, இரத்தக் குழாயை அடைக்கிறது, எலும்பெல்லாம் வலி!

2012-இல் சார்பென்டியர், டௌட்னா எனும் இரு பெண் அறிஞர்கள் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைத் தந்தனர். 2020-இல் நோபல் பரிசும் பெற்றனர். அக்கத்தரியால் நோயாளியின் குருதி மூல அணுக்களைத் திருத்தி, அவன் உடலிலேயே திரும்பச் செலுத்துகின்றனர். கருவிலிருந்தபோது சுரந்த ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது! 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இம்முறைக்கு அனுமதி தந்தன.

பூரிக்கிறோம், தோழர்களே! ஆனால் விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர்!

இந்நோய் வாட்டுவது யாரை? பெரும்பாலும் ஆப்பிரிக்க ஏழைகளை, இங்கே பழங்குடியினரை. நீலகிரி மக்களிடம் இது இருப்பது 1952-இலேயே தெரிந்த செய்தி.

மக்கள் வரிப்பணமும் சேர்ந்து வளர்த்த அறிவு இது. நோய் குடிசையில், மருந்து மாளிகையிலா? கத்தரியைக் கண்டது விஞ்ஞானம். அதைக் குடிசைக்குக் கொண்டு சேர்ப்பது யார் கடமை? ஆள்வோரைக் கேட்போம், பதில் வரும்வரை கேட்போம்!