மதிப்பெண் அழைக்கிறது, மடிச்சீலை மறுக்கிறது!

ரூபாய் 17,500!

சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை கையிலே வைத்து விளையாடும் கைப்பேசிக்குக்கூடக் காணாத தொகை. ஆனால் 2024ஆம் ஆண்டு, உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுடைய எதிர்காலத்தையே குறுக்கே நின்று மறித்தது அந்தத் தொகைதான். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலே வென்றான். தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படிக்க இடமும் கிடைத்தது. இடத்தை ஏற்றுக்கொள்வதற்குப் பணம் கட்டு என்றார்கள், 4 நாளிலே கட்டு என்றார்கள். தகப்பனுக்கு நாள் கூலி 450 ரூபாய். 39 நாள் உழைப்பை, உண்ணாமல் உடுக்காமல் ஒரு காசும் குறையாமல் சேர்த்து வைத்தால்தான் அந்தப் பணம் தேறும்! ஊரார் உதவினர். பணம் வந்து சேர்ந்தது, ஆனால் கெடு முடிகிற நேரத்திலே. மாலை 5 மணிக்குக் கதவடைத்துவிட்டது கணினி.

அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால், பையன் நம் சென்னை உயர்நீதிமன்றத்தையும் தேடி வந்தான். கடைசியில் 2024 செப்டம்பர் 30ஆம் நாள், உச்சநீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தந்த அதிகாரத்தைக் கொண்டு, அவனைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. மகிழ்ந்தோம். மகிழ்ந்தபடியே எண்ணிப் பார்த்தோம்: உச்சநீதிமன்றம் வரை போக இயலாதவன் என்ன செய்திருப்பான்? ஊரிலே உதவ ஆளில்லாதவன்?

இதிலே ஒரு வேடிக்கை உண்டு, அழவைக்கும் வேடிக்கை! ஐ.ஐ.டி.களில் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2016இல் 90,000 ரூபாயிலிருந்து 2 இலட்சமாக உயர்த்தப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் முழுவதும் விலக்கு என்று அறிவித்தனர். ஆகவே இந்தப் பிள்ளை கல்விக் கட்டணமே செலுத்தத் தேவையில்லாதவன். இலட்சத்தை விலக்கிய சட்டம், ஆயிரத்திலே அவன் காலை வாரியது. உள்ளே விருந்து இலவசம், வாயிற்படிக்கு மட்டும் வாடகை!

வடக்கே நடந்ததுதானே என்று வாளாவிருக்க முடியுமா நம்மால்? 2020 நவம்பர் நினைவிருக்கிறதல்லவா? நீட் என்னும் நெருப்பாற்றை நீந்திக் கரையேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டு. கலந்தாய்விலே பெயர் அழைக்கப்பட்டது. அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்து, தனியார் கல்லூரி இடங்கள் வந்தன. கட்டணமோ ஆண்டுக்கு இலட்சக் கணக்கில்! கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோரை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினர் சில பிள்ளைகள். டாக்டர் ஆகும் தகுதி இருந்தது, ஆசை இருந்தது, அரசு தந்த இடமும் இருந்தது.

அன்று எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மு.க. ஸ்டாலின், அந்தக் கட்டணத்தைத் தி.மு. கழகம் செலுத்தும் என்று அறிவித்தார். அன்றே அன்றைய ஆட்சியாளரும் விழித்துக்கொண்டு, அரசே செலுத்தும் என்றனர். நல்லது. ஆனால் அறிவிப்பு வருமுன்னரே ஊர் திரும்பிவிட்ட பிள்ளைகள், பின்னர் நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது. இடஒதுக்கீட்டைத் தந்துவிட்டுக் கட்டணத்தை மறந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1953ஆம் ஆண்டு ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டிப் போராடியது நமது இயக்கம். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது குழிக்குப் போயிற்று. அன்று அப்பன் செய்த தொழில் பிள்ளையின் படிப்பை நிர்ணயித்தது. இன்று அப்பன் கொண்டுள்ள பணம் நிர்ணயிக்கிறது. வண்ணான் மகன் வெளுக்கத்தான் வேண்டும் என்று எவரும் வாய்திறந்து சொல்லத் துணியாத காலம் இது. கட்டணப் பட்டியலை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

கடன் கொடுக்கிறோமே என்பர் வங்கியாளர். உண்மை, 2001இல் வகுக்கப்பட்ட கல்விக் கடன் திட்டத்தால் கரையேறியவர் தமிழகத்தில் ஏராளம். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கடன் வாங்கிய பிள்ளையின் மனத்தை எட்டிப் பாருங்கள். அவனுக்கு வரலாறு பிடிக்கும். தமிழ் இனிக்கும். கணக்கிலே ஆராய்ச்சி செய்யவும் கொள்ளை ஆசை. எனினும் படிப்பு முடிந்த ஓராண்டில் தவணை தொடங்கும் என்பதை அறிந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? எந்தப் படிப்புக்கு எந்தக் கம்பெனி வளாகத்துக்கே வந்து வேலை தரும் என்றுதான் பார்ப்பான். கல்லூரியிலே அவன் எதிர்பார்ப்பது அறிவை அல்ல, ஆணைக் கடிதத்தை. அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கடன் பத்திரத்திலே அவனோடு கையெழுத்திட்டவர் அவன் தந்தை அல்லவா!

செல்வச் சீமையாம் இங்கிலாந்திலும் இந்தக் கதை நடந்தது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுன் என்று தொடங்கினர், 2006இல் 3,000 ஆக்கினர், 2012இல் 9,000 வரை வாங்கலாம் என்றனர். பள்ளி முடித்து முழுநேரப் படிப்புக்கு வரும் இளைஞர் கூட்டம் குறையவில்லை என்பது மெய். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரம் படித்தவர்கள், குடும்பம் தாங்கியவர்கள், வயது சென்று பட்டம் பெற விரும்பியவர்கள், இவர்கள் தொகை பெரும் சரிவு கண்டது. பக்கத்திலேயே ஸ்காட்லாந்து, தன் மாணவர்க்குக் கட்டணமே இல்லை என்று நடத்திக் காட்டுகிறது.

நம் மண்ணில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. நன்கொடை என்ற பெயரால் நடந்த கொள்ளையைத் தடுக்க 1992இல் சட்டம் செய்யவேண்டி வந்தது. கலைஞர் ஆட்சியில் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டது. 2010இல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியிலே கட்டணச் சலுகை வந்தது. அந்தச் சலுகை இல்லாதிருந்தால், உழவன் வீட்டிலும் நெசவாளி வீட்டிலும் பொறியாளர் பெயர்ப் பலகை ஏறியிருக்குமா? அது நம் பெருமை.

பெருமை பேசுகிற வாயாலேயே ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. நம்மவர் செய்த திட்டம் என்பதற்காக நாம் கேட்காமலிருந்தால் வேறு யார் கேட்பார்கள்?

சலுகை முதல் பட்டதாரிக்கு. மூத்தவன் அதைப் பெற்றுவிட்டான். இரண்டாண்டு கழித்துத் தங்கை பள்ளி முடிக்கிறாள், அவனைவிட அதிக மதிப்பெண். வீட்டின் வருமானம் அதேதான், கூரை அதேதான். சான்றிதழ் கேட்டுப் போனால், குடும்பத்திலே ஒருவர் ஏற்கெனவே சலுகை பெற்றுவிட்டார் என்கிறது விதி. அண்ணனோ இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான், ஒரு காசு சம்பாதிக்கவில்லை. பொறியியல் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, பக்கத்து ஊர்க் கல்லூரியில் பஸ்ஸுக்குச் செலவில்லாத படிப்பாகப் பார்த்துச் சேர்கிறாள். கல்லூரியில் சேர்ந்த பெண் என்று கணக்கிலே அவளும் ஒருத்தி. என்ன படிக்க விரும்பினாள் என்று கேட்க அந்தக் கணக்கிலே கட்டம் கிடையாது.

முதல் பட்டதாரி என்பதோடு நிறுத்தாமல், வருமானம் உயராத வீட்டின் இரண்டாவது பிள்ளைக்கும் அந்தச் சலுகையை நீட்ட எத்தனை கோடி ஆகும் என்று நிதித்துறை கணக்கிட்டுச் சொல்லட்டும். அடுத்த கலந்தாய்வுக்கு முன்னரே சொல்லட்டும்.