கம்பியில்லாக் கருவிகளும் மின்சாரச் சிக்கனமும்

வயலின் ஈரத்தையும், ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மட்டத்தையும், நூல் கிடங்கின் ஈரப்பதத்தையும் அளந்து, கம்பியின்றியே செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றைச் சங்கத்தின் மூலம் கூட்டாக வாங்கலாமா என்னும் யோசனை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அங்கத்தினர்களுக்கு எழுவது இயல்பே. வாங்குமுன் நாம் ஆராய வேண்டுவது கருவியின் விலையை மட்டுமன்று. நடுவயலில் மின்கம்பி ஏது? கருவி பேட்டரியைக் கொண்டே உயிர் வாழ வேண்டும். ஐப்பசி கார்த்திகைச் சேற்றில் இறங்கி, நாற்பது கருவிகளுக்கு மாதந்தோறும் பேட்டரி மாற்றுவோர் யார்? ஒருவரும் மாற்றாவிடில், அங்கத்தினர் பணம் வயலிலேயே முடங்கிப் போகும்.

கம்பியில்லாத் தொடர்பு நம் பகுதிக்குப் புதிதன்று. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன், வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் தகவல் நிலையங்கள் வில்லியனூருடன் வானொலி அலைகளால் இணைக்கப்பெற்றன. எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே நிலையம் அமைந்தது. கிராமங்களில் மின்சாரம் நிலையாக இல்லாமையால் சூரிய ஒளித் தகடுகளும் பொருத்தப்பட்டன.

அத்திட்டத்தின் அமைப்பு முறை கவனிக்கத்தக்கது. வெளியுலகச் செய்திகளைத் திரட்டுதல், தமிழாக்குதல், ஊருக்கேற்பப் பிரித்தல் ஆகிய பெருவேலைகளை வில்லியனூர் மையம் ஏற்றது. கிராம நிலையங்கள் தமக்கு வேண்டியதை மட்டுமே பெற்றன. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைப் பெற்று, ஒலிபெருக்கி மூலம் மீனவர்க்கு அறிவித்தனர். ஒரே இடத்தில் பெற்ற செய்தி ஊர் முழுதும் பரவிற்று. வீட்டுக்கு வீடு கருவி தேவைப்படவில்லை. மின்சாரச் சிக்கனத்திற்கு இதனினும் எளிய உதாரணம் காட்டல் அரிது.

இனி, சிறு கருவிக்குள் மின்சாரம் எவ்வாறு செலவாகிறது என்பதைக் காண்போம். ஈரத்தை அளப்பதற்கு ஆகும் செலவு பொதுவாகச் சொற்பம். பெருஞ்செலவு வானொலிப் பகுதியினுடையது. அதிலும் ஒரு வியப்பு உண்டு. குறுந்தூரக் கருவிகள் பலவற்றில், செய்தி அனுப்புவதற்கு ஆகும் மின்சாரமும், ஏதேனும் செய்தி வருமா என்று காது கொடுத்துக் காத்திருப்பதற்கு ஆகும் மின்சாரமும் ஏறத்தாழச் சமம். வாயைத் திறவாமலே பேட்டரியைத் தீர்த்துவிடக் கருவியால் முடியும்!

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கருவியின் பேட்டரியில் 2400 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு இருப்பதாகக் கொள்வோம். வானொலி 20 மில்லி ஆம்பியர் இழுக்குமாயின், 120 மணி நேரத்தில், அதாவது 5 நாளில், பேட்டரி தீர்ந்துவிடும். அதே வானொலி 100 விநாடிக்கு ஒரு விநாடி மட்டுமே விழித்திருந்து, மற்ற நேரம் உறங்குமாயின், 5 நாள் 500 நாளாகும். உறக்கத்தில் ஆகும் செலவு ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே. பேட்டரி தானே பழுதாவதால் கணக்கு சற்றுக் குறையலாம். எனினும் ஐந்து நாளுக்கும் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கும் உள்ள வேற்றுமையைச் செய்வது உறக்கமே.

செய்திகளைச் சேர்த்து அனுப்புவதும் நன்மை தரும். நெய்து முடித்த துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே சங்கத்துக்குச் சுமந்து செல்லும் நெசவாளர் உண்டோ? மண்ணின் ஈரம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதில்லை. மணிக்கொரு முறை அளந்து, நாளுக்கு நான்கு முறை அனுப்பினால் போதும். ஏரி நிரம்பும் மழைக்காலத்தில் நீர்மட்டக் கருவி மட்டும் அடிக்கடி பேசட்டும்.

பல கருவிகள் ஒரே வேளையில் பேசினால் அலைகள் மோதிச் செய்தி கெடும். மீண்டும் அனுப்ப நேர்ந்து மின்சாரம் வீணாகும். 1971-இல் ஹவாய்த் தீவுகளில் இயங்கத் தொடங்கிய அலோஹா என்னும் கம்பியில்லா வலையிலேயே இத்தொல்லை தெரிந்தது. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, கருவிகளுக்கும் நேரமுறை வகுத்துவிட்டால் மோதல் நீங்கும்.

தூரமும் ஒரு செலவே. தடையற்ற வெளியில் தூரம் இருமடங்கானால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். தரையை ஒட்டிச் செல்லும் அலைக்கு அதனினும் மிகுதி. வளர்ந்த கரும்பின் ஈர இலைகளும் அலைகளை விழுங்கும். கருவியின் ஆன்டெனாவைப் பயிருக்கு மேலே ஒரு மூங்கிலில் உயர்த்துவது செலவில்லாத பரிகாரம். நெடுந்தூரக் கருவிகளில் வழங்கும் லோரா முறையில், வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டலாம். ஆனால் மிக நெடுந்தூரத்துக்கென அமைத்தால், அதே செய்தி ஏறத்தாழ 20 மடங்கு நேரம் அலையில் நிற்கும். செலவும் அவ்வாறே ஏறும். அருகில் உள்ள கருவிக்கு அந்த அமைப்பு வேண்டுவதில்லை.

கருவிக்குக் கருவி செய்தியைக் கைமாற்றும் முறையும் உண்டு. அதில், மையத்தை அடுத்துள்ள கருவி பிறர் சுமையையும் சுமந்து முதலில் ஓய்ந்துவிடும். இதற்கு மாற்றாக, 2000-ஆம் ஆண்டில் வெண்டி ஹைன்செல்மன், அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் லீச் என்னும் முறையை வெளியிட்டனர். கருவிகள் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முறைவைத்துத் தலைமை ஏற்கும். தலைமைக் கருவி மற்றவற்றின் செய்திகளைச் சுருக்கித் தொலைவுக்கு அனுப்பும். கூட்டுறவாளருக்கு இக்கருத்து இனிக்கவே செய்யும்! ஆயினும் நம் ஊர்களில் மோட்டார் கொட்டகைக்கு மின்சாரம் உண்டு; கூரையில் சூரியத் தகடும் வைக்கலாம். எப்போதும் விழித்திருக்கும் வேலையை அங்குள்ள ஒரு மையக் கருவிக்குக் கொடுத்து, வயற்கருவிகளை உறங்கவிடுவதே நமக்கு உகந்தது என்பது எமது கருத்து. வில்லியனூர் காட்டிய வழியும் அதுவே.

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை, வகுக்கப்பட்ட சக்தி வரம்புக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 முதல் அனுமதி உள்ளது. விற்பனையாளர் வரும்போது, கருவி இவ்வரம்புக்குள் இயங்குவதா, நாளில் எத்தனை விநாடி விழித்திருக்கும், உறங்கும்போது எவ்வளவு இழுக்கும், செய்தி சேராவிடில் எத்தனை முறை மீண்டும் முயலும் என்று நிர்வாகக் குழுவினர் எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. பின்னர், ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு கருவிகளை மட்டும் வெவ்வேறு வயல்களில் நட்டு, பேட்டரி நிலையை வாரந்தோறும் பதிவேட்டில் குறித்து வருக.