அளக்குங் கணத்தை ஆளுதல்

ஒன்றன் அளவைக் கூறுமிடத்து, அவ்வளவு எக்கணத்துக்கு உரியது என்பதையுங் கூறுதல் வேண்டும். 10 வோல்ற்று மின்மூலம் ஒன்றுடன் 1000 ஓம் தடையூடாக 100 மைக்ரோபரட்டு ஒடுக்கி ஒன்றை இணைப்பதாகக் கொள்வோம். இச்சுற்றின் நேர மாறிலி 0.1 செக்கன். இணைத்து 0.5 செக்கன் கழிந்த கணத்தில் ஒடுக்கியின் அழுத்தம் ஏறக்குறைய 9.93 வோல்ற்றாகும். அப்பொழுது அளக்கும் இலக்கமுறைப் பல்மானி தன் இலக்கங்கள் அனைத்தையும் ஒழுங்காகக் காட்டும். இறுதி அழுத்தத்தை நாடியவனோ ஏமாறுவான். கருவி பொய் கூறவில்லை; வினாவிய காலமே தவறு.

கையாற் கருவியை இயக்குவோன் எண்கள் அசைவற்று நிற்கும் வரை பொறுத்து, பின்னரே குறித்துக்கொள்வான். கணினிக்கு அப்பொறுமை இயல்பாக அமைவதன்று. கட்டளையிட்டவாறே அது செய்யும். கருவிகளைக் கணினியுடன் இணைத்தற்கான ஐ.இ.இ.இ. 488 என்னும் நியமம் 1975 இலும், அவற்றுக்குப் பொதுவான கட்டளைமொழியை வகுத்த எஸ்.சி.பி.ஐ. நியமம் 1990 இலும் வெளிவந்தன. அளவீடு தொடங்குங் கணத்தைக் குறிக்கும் தொடக்கச் சைகை, அதாவது ட்ரிகர், இக்கட்டளைமொழியில் ஒரு சிறப்பிடம் பெறுகின்றது.

விளையாட்டுப் போட்டியில் ஓட்டவீரர் முதலில் தத்தம் இடத்தை அடைவர், அடுத்து ஆயத்தமாவர், வெடியொலி கேட்டதும் ஓடுவர். பல்மானியின் ஒழுங்கும் இதுவே. ஹியூலெற் பக்கார்ட் 34401ஏ என்னும் பல்மானியை உதாரணமாகக் கொள்ளலாம். ‘கொன்பிகர்’ என்னுங் கட்டளை எதனை, எவ்வீச்சில் அளப்பது என்பதை வகுக்கும். அளவீடு இன்னுந் தொடங்காது. ‘இனிசியேற்’ என்பது கருவியை ஓய்வு நிலையினின்று காத்திருப்பு நிலைக்குக் கொணரும். அதன்பின் சைகை வந்ததும் அளவீடு நிகழ்ந்து, பெறுபேறு கருவியின் நினைவகத்திற் சேரும். அதனைக் கணினிக்கு அனுப்புவது ‘பெச்’ என்னும் வினாக்கட்டளை. ‘றீட்’ என்பதோ ஆயத்தத்தையும் அனுப்புதலையும் ஒருங்கே செய்விப்பது.

சைகை மூவழிகளில் வரலாம். உடனடி முறையில் ஆயத்தமானதும் கருவி தானே தொடங்கும். புறமுறையில் பின்புற முனையில் வரும் மின்துடிப்புக்காகக் காத்திருக்கும். இணைப்புவழி முறையில் கணினி விடுக்கும் ‘ட்ரிகர்’ கட்டளையே வெடியொலியாகும்.

வரிசை பிறழின் கருவி வழுவறிவிக்கும். ஆயத்தமாகாத கருவிக்குச் சைகை விடுத்தால், சைகை புறக்கணிக்கப்பட்டதென -211 என்னும் எண் தோன்றும். இணைப்புவழி முறையில் ‘றீட்’ கட்டளையை இட்டால் -214 தோன்றும். அங்குக் கணினி விடைக்காகவும் கருவி சைகைக்காகவும் ஒன்றையொன்று நோக்கி நின்றுவிடுமாதலின், கருவி அதனை முன்னரே மறுக்கின்றது. நினைவகம் வெறுமையாயிருக்கப் ‘பெச்’ என்று வினவினால் -230 தோன்றும்.

முற்கூறிய ஒடுக்கியின் இடர்க்கோ வழு எண் கிடையாது. ஒழுங்கு பிறழாத கட்டளைகளும் தவறான கணத்தில் அளக்கக்கூடும். இதற்குப் பரிகாரம் தாமதக் கட்டளையாகும். சைகைக்கும் அளவீட்டுக்கும் இடையே சுழியம் முதல் 3600 செக்கன் வரை இக்கருவியைப் பொறுத்திருக்கச் செய்யலாம். ஒடுக்கியை இணைக்குங் கணத்திற் சைகை விடுத்து, 1.5 செக்கன் தாமதம் விதித்தால், கசிவைப் புறக்கணிக்குமிடத்து, எஞ்சுங் குறை ஏறக்குறைய 3 மைக்ரோவோல்ற்று. 10 வோல்ற்று வீச்சில் கருவியின் கடைசி இலக்கம் 10 மைக்ரோவோல்ற்றாதலின் அக்குறை புலப்படாது.

அளவீடும் ஒரு புள்ளியளவான கணத்தில் முடிவதன்று. மின்வழங்கலின் இரைச்சலை நீக்குதற்பொருட்டுக் கருவி அதன் முழுச் சுற்றுக்களின் காலத்துக்குச் சராசரி காண்கின்றது. இலங்கையிற்போல் 50 ஹேர்ட்சு வழங்கலுள்ள இடத்தில் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். பத்துச் சுற்றுக்கள் 200 மில்லிசெக்கன். அக்காலத்துள் விரைந்து மாறும் அழுத்தத்தின் சராசரியே கிடைக்கும், கணப்பெறுமானம் கிடையாது.

ஆகவே கட்டளை எழுதுவோன் சுற்றின் இயல்பை முன்னதாகக் கணித்தறிதல் வேண்டும். எத்துணை நேரம் பொறுப்பது என்பதைக் கருவி அறியாது. அதனை அறிவிக்குங் கடமை ஆய்வாளனுடையது.