தென்னாப்பிரிக்கா போகிறீர்களா? நேட்டாலில் இறங்குங்கள்

சென்ற பொங்கல் விழாவின்போது ஆப்பிரிக்கா போய் வந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப் போக, அன்று முதல் நம் சங்கத்து அன்பர்கள் பலர் என்னிடம் பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஏறக்குறைய எல்லாத் திட்டமும் ஒன்றே. பத்து நாளில் கேப்டவுன், குரூகர் வனம், விக்டோரியா நீர்வீழ்ச்சி. அதில் மூன்று நாள் விமான நிலையத்திலேயே போய்விடும் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குரூகர் மட்டுமே சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், கேரளத்தில் பாதி. விக்டோரியா நீர்வீழ்ச்சி தென்னாப்பிரிக்காவிலேயே இல்லை. ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில் இருக்கிறது. அங்கே போய்விட்டு மறுபடி தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய வேண்டுமென்றால் விசாவும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்க வேண்டும்.

நானும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் ஏஜெண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், "டிக்கெட் மலிவு, போகிற வழியில் சிங்கமும் பார்த்துவிடலாம்" என்று நைரோபியில் இரண்டு நாள் தங்கல் போட்டுவிட்டார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கென்யா அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களிடம் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். இந்தியாவோ இன்னும் கண்டிப்பு: சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். இது எனக்குத் தெரிய வந்தபோது புறப்பட ஒன்பது நாள் இருந்தது. போதாக்குறைக்கு, என் தாயாருக்கு வயது 72. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியை டாக்டர்கள் யோசித்துத்தான் போடுகிறார்கள். டிக்கெட்டை மாற்றியதில் நல்ல பணம் போயிற்று.

ஆகவே முதலில் வழியைப் பாருங்கள். வளைகுடா நகரங்கள் வழியாகப் போனால் இந்தத் தொல்லையே இல்லை. ஆப்பிரிக்க நகரம் வழியாகத்தான் போக வேண்டுமென்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறும்படி இருக்கட்டும். அப்போதும் புறப்படுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது உத்தமம். ஊசி போட்டுக்கொண்டால் 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். மஞ்சள் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

டிக்கெட்டை மாற்றும்போது திட்டத்தையும் மாற்றினோம். மூன்று ஊரையும் விட்டுவிட்டு, ஒன்பது நாளும் குவாசூலு-நேட்டால் என்ற ஒரே மாகாணத்தில் இருந்தோம். வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள நம் குடும்பங்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன். காட்டுக்குக் காடு, மனிதர்களுக்கு மனிதர்கள்; எல்லாம் நான்கு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள்.

டர்பனில் நான்கு நாள் வையுங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் அங்கே ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்கள் வாரிசுகள்தாம் இன்று கோவெண்டர், நாயுடூ, பிள்ளே, மூட்லி, படையாச்சி. கோவெண்டர் என்பது நம் கவுண்டர்தான் என்று புரிய எனக்கு அரை நாள் ஆயிற்று. தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டில் ஆங்கிலம்தான். ஆனால் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அம்பலவாணர் ஆலயத்தை அவசியம் பாருங்கள். அம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோவில் 1905 வெள்ளத்தில் போய்விட, 1947இல் வேறிடத்தில் கட்டியது. இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா புனித வெள்ளியன்று நடக்கிறது. கரும்புத் தோட்டத்தில் கூலிகளுக்குக் கிடைத்த சொற்ப விடுமுறையில் அது ஒன்று. அம்மனும் அதற்கு இசைந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஒரு நாளை நகருக்கு வெளியே இனாண்டா பக்கம் ஒதுக்குங்கள். 1904இல் காந்திஜி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கேதான். 1985 கலவரத்தில் எரிந்ததைத் திரும்பக் கட்டி 2000இல் திறந்தார்கள். பக்கத்திலேயே ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவர். 1994 ஏப்ரல் 27ஆம் தேதி மண்டேலா தம் வாழ்நாளின் முதல் ஓட்டைப் போட்டது அந்தப் பள்ளியில்தான். நம்மவர்கள் ஃபீனிக்ஸில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். இதைப் பார்க்காமல் வருவது பாதிதான் பார்த்ததாகும். உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் போங்கள். சூலுக்காரர்களைப் பார்த்ததும் "சவுபோனா" என்று சொல்லுங்கள். "உங்களைப் பார்த்தோம்" என்று அர்த்தமாம். முகம் மலர்ந்துவிடும். சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் நடன நிகழ்ச்சிகளை நாங்கள் தவிர்த்துவிட்டோம். அது அவரவர் விருப்பம்.

டர்பனிலிருந்து வடக்கே காட்டுக்குப் போகிற சாலை நெடுக கரும்புதான். வழியில் மவுண்ட் எட்ஜ்கோம் விநாயகர் கோவில். பிறகு க்ரௌட்வில்லில் ஆல்பர்ட் லுத்துலியின் வீடு, இப்போது நினைவில்லம். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர், 1960ஆம் ஆண்டுக்கானது. அங்கே ஒரு மணி நேரம் போதும்.

டர்பனிலிருந்து சுமார் 280 கிலோமீட்டரில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி சரணாலயம். 1895இல் ஏற்பட்டது. குரூகரில் இருபதில் ஒரு பங்குதான். அதுவே நமக்கு வசதி. வெள்ளைக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் இந்த ஒரு காட்டைத் தவிர தென்னாப்பிரிக்காவில் எங்குமே இல்லாத நிலை. இங்கிருந்து 1960களில் லாரியில் ஏற்றி மற்ற காடுகளுக்கு அனுப்பினார்கள். முன்னின்று செய்த இயன் பிளேயர், கோல்ஃப் வீரர் காரி பிளேயரின் அண்ணன். கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் பார்த்தால் திகைக்காதீர்கள். திருடர்களிடமிருந்து காப்பாற்ற 2024 முதல் அதிகாரிகளே கொம்பை அறுத்துவிடுகிறார்கள். நகம் வெட்டுவது போல, வலிக்காது, மறுபடி வளரும் என்றார் வழிகாட்டி. அம்மாவுக்குச் சமாதானமாகவில்லை.

ஹில்டாப் முகாமில் சமையலறையோடு அறை எடுக்கலாம். சைவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம் ஊர் 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக் அங்கே அப்படியே பொருந்தும். குக்கரில் அந்தப் பிளக்கை மாட்டிக்கொண்டு போங்கள். குரங்குகள் ஜன்னல் வழியாக வரும். பருப்பைப் பூட்டி வையுங்கள். காருக்குச் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம். மாடுகள் குறுக்கே வரும், வேறு பயங்களும் உண்டு. காட்டுக்குள் காரை விட்டு இறங்குவது, குறிப்பிட்ட இடங்கள் தவிர, கூடவே கூடாது.

மலேரியா குரூகரில் உண்டு. இங்கே அபாயம் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மே மாதம் நம் பிள்ளைகளுக்கும் விடுமுறை, அங்கேயும் மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும், மிருகங்கள் கண்ணில் படும். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் போக ஸ்வெட்டர் வேண்டும். புனித வெள்ளித் திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் புல் உயரமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகாமிலும் அப்போது கூட்டம், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் குடும்பத்தில் "நேட்டாலுக்குப் போனவர்" என்று யாரைப் பற்றியாவது பேச்சு உண்டானால், புறப்படுமுன் பெரியவர்களை உட்காரவைத்து விசாரியுங்கள். ஒவ்வொரு கூலியின் பெயரும், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமத்தோடு கப்பல் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. டர்பன் வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அவற்றைப் பார்க்கலாம். முன்கூட்டி எழுதிப் போவது நல்லது. அம்மாவின் தாத்தாவுடைய தம்பி முனுசாமி, குடியாத்தம் பக்கத்திலிருந்து போனவர். நாங்கள் கொண்டுபோனது அந்தப் பெயர் ஒன்றைத்தான். வட ஆற்காடு ஜில்லா முனுசாமிகள் பக்கத்துக்குப் பக்கம் வந்தார்கள். "இவரா, இவரா" என்று அம்மா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக்கொண்டே போனார். தகப்பன் பெயர் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழைய நிலப் பத்திரங்களில் "இன்னார் குமாரர்" என்று கட்டாயம் இருக்கும் என்பது திரும்பி வரும்போது விமானத்தில்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது. ஊரில் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பத்திரம் இருக்கிறதாம். தேடச் சொல்லியிருக்கிறோம்.