நீரிற் செல்லும் வண்டிக்கு மூச்சுக்குழாய்

எரிபொருள் எரிவதற்கு வளி வேண்டும் என்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். எவ்வளவு வளி வேண்டும் என வினவினால் நம்மிற் பலர் திகைப்போம். இரண்டரை லீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய டீசல் இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 3000 தடவை சுழல்வதாகக் கொள்வோம். நாலடிப்பு இயந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே தன் கொள்ளளவு வளியை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 3750 லீற்றர், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 62 லீற்றர் வளி அதற்கு வேண்டும். இத்துணை வேகமாக இழுக்கும் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே செல்லுமாயின், வளிக்குப் பதிலாக நீரையே அது குடிக்கும்.

வளி அமுக்கத்துக்கு இடங்கொடுக்கும், நீர் கொடாது. மேற்கூறிய இயந்திரத்தின் ஒரு சிலிண்டர் 625 கன சென்ரிமீற்றர் கொள்வது. அதன் அமுக்க விகிதம் இருபதுக்கு ஒன்றாயின், பிஸ்ரன் உச்சியை அடையும்போது எஞ்சும் இடம் 33 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. இரண்டு மேசைக்கரண்டி நீரே அவ்விடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். அதற்கு மேல் நீர் புகின், பிஸ்ரன் மேலேற வழியின்றி நிற்க, அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும் அல்லது முறியும்.

இவ்விடரைத் தவிர்க்க, வளி புகும் வாயை வண்டியின் கூரையளவுக்கு உயர்த்தும் குழாயையே ஸ்நோக்கல் என்கின்றனர். சொல் ஜெர்மானியரது, கருவியோ ஒல்லாந்தக் கடற்படையினரிடமிருந்து அவர்கள் கற்றது. 1940ஆம் ஆண்டில் ஒல்லாந்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர், அந்நாட்டு நீர்மூழ்கிகளில் இருந்த வளிக்குழாயைக் கண்டு, பின்னர்த் தம் நீர்மூழ்கிகளிலும் பொருத்தினர். 1944 யூன் 6ஆந் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய நேசநாட்டுத் தாங்கிகள் பலவும் வளிவாயை உயர்த்திக்கொண்டே கடலலையூடு கரையேறின.

வீட்டில் இதனை அமைப்போர் பெரும்பாலும் பீ.வீ.சீ. குழாயையே நாடுவர். மலிவானது, அறுக்கவும் ஒட்டவும் எளியது. ஆயினும் வெப்பத்தில் இளகும் இயல்பினதாதலின், இயந்திர மூடியின் உள்ளே அதனைப் பயன்படுத்தல் தகாது. அங்கே உலோகக் குழாயோ, கம்பிச்சுருள் பொதிந்த இறப்பர்க் குழாயோ வேண்டும். வெறும் இறப்பர்க் குழாய் உறிஞ்சலில் ஒட்டிப்போம். குழாயின் உள்விட்டம் பழைய வளிவாயினும் குறைதலாகாது. நாம் எடுத்துக்கொண்ட இயந்திரத்துக்கு 75 மில்லிமீற்றர்க் குழாயில் வளி செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்திற் செல்லும். 50 மில்லிமீற்றர்க் குழாயில் 32 மீற்றர் வேகத்திற் செல்லும். தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் ஐந்து மடங்காகும். சிறு குழாய் பொருத்திவிட்டு இயந்திரத்துக்கு வலுவில்லை என முறையிடுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. திரும்புமிடத்தில் ஒரு செங்கோண வளைவைவிட இரண்டு அரைச்செங்கோண வளைவுகள் சிறந்தவை.

என் பழைய மாணவன் ஒருவன், வன்னியில் வயல் செய்பவன், மாரியில் தாம்போதியைக் கடக்கவெனத் தன் ஜீப்புக்குத் தானே ஒரு குழாய் அமைத்துக்கொண்டு காட்ட வந்தான். வேலை துப்புரவாயிருந்தது; வாய் கூரைக்கு மேலே நின்றது. ஆனால் வளிச்சுத்திப் பெட்டியின் அடியிலே, மழைநீர் வடிவதற்கென ஆக்கியோர் விட்ட துளை, பென்சில் நுழையும் அளவில் திறந்தே கிடந்தது! அத்துளை நிலத்திலிருந்து மூன்றடி உயரந்தான். நீர் அம்மட்டத்தை எட்டியதும், கூரைமேல் உள்ள வாயால் யாது பயன்? குழாய் இல்லாதிருந்தால் அவன் அஞ்சிக் கரையில் நின்றிருப்பான். குழாய் தந்த துணிவே அவனை ஆழத்துக்கு இட்டுச் சென்றிருக்கும்.

ஆதலின் உயரம் அன்று, மேல்வாய் முதல் இயந்திரம் வரை ஓரிடத்தும் நீர் புகாமையே இக்கருவியின் உயிர். அத்துளையை அடைத்தல் வேண்டும்; அடைத்தபின், மேல்வாயால் மழை புகாதவாறு அதனைப் பின்னோக்கித் திருப்பலும், பெட்டியை இடையிடையே திறந்து பார்த்தலும் வேண்டும். பொருத்துக்களைச் சோதிக்க ஓர் எளிய வழியுண்டு. இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, மேல்வாயைத் தட்டையான பலகையொன்றினால் மூடுக. சிறிது நேரத்தில் இயந்திரம் திணறி நின்றுவிடின் குழாய் நன்று. நில்லாது ஓடுமாயின் வேறெங்கோ வளி புகுகின்றது; வளி புகும் வழியால் நீரும் புகும். உறிஞ்சல் வலிதாதலின் உள்ளங்கையை வைத்தல் கூடாது.

குழாய் காப்பது இயந்திரத்தின் மூச்சை மட்டுமே. ஓடிச் சூடேறிய அச்சுப்பெட்டி குளிர்நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் வளி சுருங்கி, சிறு மூச்சுத்துளை வழியே நீரை இழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுக்கும். அத்துளைகளுக்கும் மெல்லிய குழாய் பொருத்தி மேலே கொணர்தல் வேண்டும். பெற்றோல் வண்டியாயின், தீப்பொறி தரும் மின்னுறுப்புக்கள் நனைந்த கணமே அது நின்றுவிடும். ஓடும் வெள்ளத்தை எக்குழாயும் வெல்லாது: வண்டி மிதக்கத் தொடங்கின், சில்லுக்களின் பிடி தளர, வெள்ளம் போகுந் திசையே வண்டி போகுந் திசையாகும்.

நீரின் நடுவே இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் அதனை முடுக்க முயலற்க. வண்டியைக் கயிறிட்டுக் கரைக்கு இழுத்து, டீசல் தெளிக்கும் முனைகளைக் கழற்றி, இயந்திரத்தைக் கையினால் மெல்லச் சுழற்றுக. உள்ளே நீர் இருப்பின் அத்துளைகளால் வெளியே பீறிடும்.